முன்பனி யாமத்தில் நடப்பவள்

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். இளங்கலை முதலாண்டில் மனப்பாடம் செய்து, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எழுதிவிட்டு மறந்துபோகிற செய்தி. மலை, குளிர்காலம், நள்ளிரவு. இந்த மூன்றும் சேரும் இடத்தில் நடந்துபோகிறவர் யார் என்று வகுப்பில் கேட்டால், மாணவிகள் யோசிக்காமல் சொல்வார்கள்: தலைவன். இரவுக்குறிக்கு வருகிறவன் அவன்தான். புலியும் பாம்பும் யானையும் காட்டாற்றுச் சுழலும் உள்ள வழியில் அவன் வருகிறான். தலைவி வீட்டுக்குள் இருந்தபடி அந்த வழியை நினைத்து நடுங்குகிறாள். வழியின் கொடுமையைத் தோழி அடுக்கிச் சொல்கிறாள். ஆபத்து அவனுக்கு, அச்சம் இவளுக்கு என்று அகத்திணை பங்கு பிரித்துவிட்டது.

தோழி அப்படி அடுக்குவது வெறும் கவலையால் அல்ல. வரைவு கடாதல் என்று இலக்கணம் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. இந்த வழியில் இரவில் வராதே, வந்து பெண் கேள் என்பது உட்பொருள். மலைவழியின் ஆபத்து கடைசியில் கல்யாணப் பேச்சில் போய் முடிகிறது. இந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறிய விரும்பும் பெண்கள் வீட்டில் மலையேறப் போவதாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்தில் கல்யாணம் வந்துவிடும். "கட்டிக்கிட்டு அவனோட போ."

2025 ஜனவரியில் நாங்கள் ஒன்பது பெண்கள் கேதார்காந்தா போனோம். ஆசிரியைகள் சிலர், பழைய மாணவிகள் சிலர், படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி. உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் 12,500 அடி மலை அது. இமயத்தின் கணக்கில் குன்று என்றுதான் சொல்ல வேண்டும். முன்பயிற்சி அதிகம் இல்லாதவர்களும் குளிர்காலத்தில் ஏறிப் பார்க்கலாம் என்பதால் டிசம்பர் முதலே கூட்டம். டேராடூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் வண்டியில் போனால் சாங்க்ரி என்ற ஊர். அங்கிருந்து நடை. கடைசி முகாமிலிருந்து உச்சிக்கு அதிகாலை இரண்டரை, மூன்று மணிக்குக் கிளப்பிவிடுவார்கள். மலை, முன்பனி, யாமத்தின் கடைசி. தலையில் விளக்கு கட்டிய அந்த வரிசையில் பெண்கள் நிறையவே நடந்தார்கள். குறிஞ்சிக்கு உரிய பொழுதில் குறிஞ்சித் தலைவி வெளியே வந்துவிட்டாள் என்று எனக்குள் ஒரு தமிழாசிரியை பூரித்துக்கொண்டது உண்மை. ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பூரிப்பைப் பற்றி அல்ல.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு அந்த மாணவியின் அம்மா என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தார். அத்திப்பட்டில் வீடு. அங்கே ஒரு கண்டெய்னர் யார்டில் ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. வெளியில் நின்று பேசிவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தவரை உள்ளே உட்காரவைக்கவே நேரமாயிற்று. உட்கார்ந்ததும் நேராகக் கேட்டார்.

"பனில போய் நடக்க இன்னா மேடம் தேவ? சம்பாரிக்கப் போறாளா, சாமி கும்பிடப் போறாளா? நீங்க ஒரு வார்த்த வேணாம்னு சொன்னா கேட்டுப்பா."

எனக்கு உடனே பதில் வரவில்லை. பதில் இல்லாததால் அல்ல. பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட ஆபத்துகளை இவ்வளவு துல்லியமாகப் பிரித்த ஒரு வாக்கியத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சம்பாதிப்பது, சாமி கும்பிடுவது. இரண்டும் இல்லையென்றால் தேவையில்லை.

சாமிக்காகப் பனிமலை போனவள் நம் மரபில் உண்டு. காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். இறைவன் இருக்கும் மலையில் கால் படக் கூடாது என்பது காரணம். அந்த மலைக்குக் கிளம்பும் முன்பே அவர் தன் அழகையும் தசையையும் உதறிப் பேய் உருவம் வாங்கிக்கொண்டுவிட்டார். இதை உடலின் விடுதலை என்று வாசித்த கட்டுரைகள் உண்டு. நானும் மதிக்கிற வாசிப்புதான். என்றாலும் மலைக்குப் போக விரும்பிய தமிழ்ப் பெண்ணுக்குக் கதை கேட்ட விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உடலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவள் மேலே போக முடிந்தது. குளிரும் உடல், பசிக்கும் உடல், மாதவிலக்கு வரும் உடல் எதுவும் அவளோடு கயிலைக்கு வரவில்லை.

சம்பாத்தியத்துக்காகப் போகிறவர்கள் அந்த மலைகளிலேயே வாழ்கிறார்கள். உத்தரகாசிப் பக்கம் மலைச்சரிவுகளில் தீவனப்புல்லும் விறகும் அறுத்து முதுகில் கட்டி இறங்கும் பெண்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆடு நிற்கத் தயங்கும் சரிவு. உனக்கு இது என்ன தேவை என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. மாடு கறக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். பெண்ணின் ஆபத்து பிறருக்குப் பயன்படும்போது அது ஆபத்தாகவே கணக்கில் வருவதில்லை, கடமை ஆகிவிடுகிறது. அதே மாவட்டத்தின் நாக்குரி கிராமத்துப் பெண்தான் பச்சேந்திரி பால். 1984 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறி, அங்கே நின்ற முதல் இந்தியப் பெண் ஆனார். புல்லறுக்கும் சரிவுக்கும் அந்தச் சிகரத்துக்கும் நடுவில் இருந்த தூரம் உயரத்தால் மட்டும் ஆனதல்ல. எதற்கும் பயன்படாத ஓர் ஏற்றத்தைத் தனக்காகக் கேட்ட தூரமும் அதில் இருக்கிறது.

கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதும் பதிவில் இருக்கிறது. உலகிலேயே எவரெஸ்ட் ஏறிய முதல் பெண்ணான ஜப்பானின் ஜுன்கோ தாபெய், 1975 பயணத்துக்கு நிதி திரட்டப் போன இடங்களில் வீட்டில் இருந்து குழந்தையை வளர்க்கலாமே என்ற அறிவுரையைக் கேட்டார். 1995 மே மாதம் கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்ட் ஏறிய ஆலிசன் ஹார்கிரீவ்ஸ், அதே ஆகஸ்டில் கே2 சிகரத்திலிருந்து இறங்கும்போது புயலில் இறந்தார். இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு ஏன் போனாள் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. அதே புயலில் இறந்த ஆண்களின் பிள்ளைகளை எண்ணிப் பார்த்த பத்திரிகை எதையும் நான் பார்க்கவில்லை. நம் ஊருக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையேறப் போனவர்களில் பெண்கள் அதிகம். தீ எப்படிப் பரவியது, அனுமதி யார் கொடுத்தது, எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை என்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் அடுத்த வாரம் முழுக்கப் பேருந்திலும் ஆசிரியர் அறையிலும் என் காதில் விழுந்தது ஒரே கேள்வி: பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை?

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவர் குடியிருக்கும் இடம் எனக்குத் தெரியும். அத்திப்பட்டு ஒரு காலத்தில் உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். இன்று வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், துறைமுகம், நிலக்கரி, கண்டெய்னர் லாரி, கொசஸ்தலை ஆற்றங்கரையில் சாம்பல் குளம். கொடியில் காயும் துணியை எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது அங்கே ஒரு தனிக் கல்வி. ஈரச்சாம்பல் எப்படி ஒட்டும், உலர்ந்த சாம்பல் எந்தக் காற்றில் பறக்கும், நிலக்கரித் தூள் எதில் துவைத்தால் போகும் என்று அந்தப் பெண்களுக்கு வகைவகையாகத் தெரியும். சாம்பல் படிந்த கூரையைப் பனி விழுந்ததுபோல் இருப்பதாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த உவமை பிடிக்காது. பனியைப் பார்க்க ஒருத்தி பணம் சேர்த்துப் போகிறாள்; சாம்பல் அவளைத் தேடி வீட்டுக்கு வருகிறது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பக்கத்து எண்ணூரில், உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடின. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். மார்கழி மாதம், நள்ளிரவு. முன்பனியும் யாமமும்தான். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த யாமத்தில் தெருவில் ஓடிய பெண்களிடம் இந்த ஆபத்தில் இருக்க உங்களுக்கு என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அபத்தமாக இருக்கும். அந்த ஆபத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லையே.

இங்கே நின்றுவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். திணிக்கப்பட்ட ஆபத்து அடிமைத்தனம், தேர்ந்தெடுத்த ஆபத்து விடுதலை என்று சொல்லிவிட்டு மலைக்கு டிக்கெட் எடுக்கலாம். பெண்களுக்கான சாகசச் சுற்றுலா விளம்பரங்கள் இதைத்தான் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் கட்டியதாலும் கையெழுத்துப் போட்டதாலும் மட்டும் ஓர் ஆபத்து நான் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடாது. அதை நான் அறிந்திருக்க வேண்டும். அதிலிருந்து திரும்பி வர எனக்கு முடிய வேண்டும். அந்த நள்ளிரவில் ஓடியவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை. மலைக்குப் போகிற பெண்களுக்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அறிவதில் உள்ள முதல் சிக்கல் மொழியிலேயே இருக்கிறது. புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழிக் காலையில் மூடுவதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. நம்மிடம் இருப்பது ஒரே சொல். எங்கள் வழிகாட்டிக்கு அது போதாது. புதிதாக விழுந்த மாவு போன்ற பனி. மேலே ஓடு கட்டி உள்ளே பொதபொதவென்று கிடக்கும் பனி. பகலில் இளகி இரவில் இறுகிக் கண்ணாடி ஆன பனி. மூன்றிலும் கால் வைக்கும் முறை வேறு. கேதார்காந்தாவில் நான்காவதாக ஒன்றும் உண்டு: ஆயிரம் பேர் மிதித்து மிதித்து வழவழப்பாக்கிய தடம். காலணியில் இரும்புப் பல் வைத்த மைக்ரோஸ்பைக்ஸ் மாட்டாமல் அதில் பத்தடி நடக்க முடியாது.

முகடு என்பதும் நாம் நினைப்பதுபோல் ஒரு வரப்பு அல்ல. காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டும். அந்த மறைவுப் பக்கத்தில் பனி, ஓலைக் கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி நீள்வதுபோல் வெளியே வளர்ந்து நிற்கும். கீழே ஒன்றும் இருக்காது. மேலே நிற்பவளுக்கு அது தரையாகத்தான் தெரியும். உடையும்போது நுனி மட்டும் உடையாது, நாம் பாதுகாப்பு என்று நினைத்த இடத்துக்கும் உள்ளே வந்து உடையும். அதனால் முகட்டில் காற்று வரும் பக்கமாக நன்றாக ஒதுங்கி நடக்க வேண்டும், முகத்தில் அறைகிறதே என்று மறைவுப் பக்கம் தேடக் கூடாது. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கிறது. அதைவிடச் செங்குத்தில் பனி பெரிதாகச் சேராது, படுத்த சரிவில் எளிதில் நகராது. நடுவில் உள்ள சரிவுதான் ஏறுவதற்கு நமக்கும் வசதி. யாமத்தில் கிளம்புவதற்கும் சூரிய உதயக் காட்சி மட்டும் காரணம் அல்ல. இரவின் இறுக்கம் இருக்கும்போதே ஏறி, வெயில் பனியை இளக்கும் முன் இறங்கிவிட வேண்டும்.

குளிர் இருக்கிறதே, அதன் கணக்கு வேறு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 21 போலத்தான். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும் பருத்தி அங்கே எதிரி. பருத்தியே உடம்புக்கு நல்லது என்று வளர்ந்த நாங்கள் ஒன்பது பேரும் சாங்க்ரியில் பையைத் திறந்தபோது கால்வாசி பருத்தி வெளியே வந்தது.

உறங்கும் பையில் ஒரு பாடம் இருக்கிறது. ஐரோப்பியத் தர அளவின்படி அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைகள் குறிக்கப்படுகின்றன. சுகமாகத் தூங்கலாம் என்கிற அளவு ஒரு சராசரிப் பெண்ணின் உடலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சமாளிக்கலாம் என்கிற எல்லை அளவு ஒரு சராசரி ஆணின் உடலை வைத்து. இரண்டுக்கும் இடையே பல டிகிரி வித்தியாசம் இருக்கும். எங்களுக்கு வாடகைக்கு வந்த பைகளில் ஒரே எண்தான் இருந்தது. எந்த உடலின் எண் என்று கேட்டேன். கொடுத்தவருக்குக் கேள்வியே புரியவில்லை. முதல் இரவு முடிந்ததும் விடை தெரிந்துவிட்டது.

தண்ணீரும் அப்படித்தான். குளிரிலும் உயரத்திலும் மூச்சு வழியாகவே உடல் நிறைய நீரை இழக்கும், தாகம் தெரியாது. குடிக்காவிட்டால் தலைவலி, சோர்வு. விரல்நுனிக்கு ரத்தம் போவதும் குறையும். பெண்கள் குடிக்க மாட்டார்கள். நடுவழியில் எங்கே ஒதுங்குவது, நான்கு அடுக்கு உடையை யார் பார்க்கக் கழற்றுவது? அத்திப்பட்டு யார்டில் வேலை செய்கிற அம்மாவும் காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறவர்தான். மகள் அந்தப் பழக்கத்தை 12,000 அடிக்கும் கொண்டுவந்திருந்தாள். நானும்தான். முதல் நாளே ஒரு முடிவுக்கு வந்தோம். யாராவது ஒருத்தி "ஒதுங்கணும்" என்றால் வரிசை நிற்கும், நான்கு பேர் சால்வை பிடிப்பார்கள். மூன்றாம் நாள் இது பெரிய வேடிக்கை ஆகிவிட்டது. வேடிக்கையானதும் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள்.

இவற்றைவிட ஆழமாக இருப்பது நமக்கு ஊட்டப்பட்ட பொறுமை. வலித்தால் சொல்லாதே, பசித்தால் காட்டாதே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. வீட்டில் இதற்குக் குணம் என்று பெயர். பனிமுகட்டில் இந்தக் குணம் ஆளைக் கொல்லும். விரல் மரத்துப்போகும்போது வலி நின்றுவிடுகிறது. பொறுத்துக்கொள்ளப் பழகியவள் அதை வலி குறைந்ததாக எடுத்துக்கொள்வாள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனவளின் பேச்சு குழறும், கை தவறும், கால் இடறும், காரணமில்லாத எரிச்சல் வரும். அவளுக்கே அது தெரியாது. பக்கத்தில் நடப்பவள் பார்த்துச் சொல்ல வேண்டும். குளிர்கிறது என்று முதலிலேயே முனகுவதுதான் மலையில் ஒழுக்கம். தாங்குவது பெண்மைக்கு அழகு என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், தாங்க முடியவில்லை என்பதை உரிய நேரத்தில், உரத்த குரலில் சொல்லக் கற்க வேண்டியிருக்கிறது.

உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அதுதான் நடந்தது. முகட்டில் காற்று. எனக்குப் பின்னால் வந்த மாணவி இரவெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே வந்தவள், கால் மணி நேரமாகப் பேசவில்லை. திரும்பிக் கேட்டேன். "ஒண்ணுமில்ல மேடம்." சற்றுக் கழித்து மறுபடி கேட்டேன். "கால் வெரலு இருக்கற மாதிரியே தெரியல." வழிகாட்டி விளக்கடித்து முகத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம்தான், மேலே போனால் வெயில் வந்துவிடும் என்றார் இந்தியில். நல்ல மனிதர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவருடைய அனுபவத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது சரியாகவும் இருந்திருக்கும். வரிசையில் இருந்தவர்களும் வா வா என்றார்கள். அவள் சில நொடி நின்றாள். பிறகு, "நான் எறங்கறேன்" என்றாள்.

அந்த மூன்றாண்டுப் பழக்கத்தில் அவள் என்னிடம் எதையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. சேமிப்பு, சண்டை, ஒரு மாதக் காத்திருப்பு எல்லாம் அரை மணி நேர தூரத்தில் நிற்க, இறங்குகிறேன் என்று ஒரு பெண் சொல்வது சிகரம் தொடுவதைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றியது. வழிகாட்டிகள் இரண்டு பேர். ஒருவர் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இருட்டு, மொழி தெரியாத ஆண், தனியாக இருபத்திரண்டு வயதுப் பெண். அவர் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. என்றாலும் பெண்களுக்கு மலையின் ஆபத்துப் பட்டியலில் கார்னிஸும் பனிச்சரிவும் மட்டும் இருப்பதில்லை. நானும் இறங்கினேன்.

கூடாரத்தில் காலணியைக் கழற்றினால் வலக்கால் இரண்டு விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. அவள் பாதத்தை என் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். இருபது நிமிடத்தில் உணர்வு திரும்பியது. திரும்பும்போது உயிர் போகிற வலி. வடசென்னைத் தமிழின் முழுச் செல்வத்தையும் அந்தக் கூடாரத்தில் கேட்டேன். உறைவு ஆழமாகப் போகவில்லை, விரல்கள் பிழைத்துக்கொண்டன.

மற்றவர்கள் உச்சி பார்த்துவிட்டு வந்தார்கள். மாலையில் ஒருத்தி நெகிழ்ந்து போய், "நீங்க அம்மா மாதிரி மேடம்" என்றாள். அன்பாகச் சொன்னதுதான். எனக்கு உறுத்தியது. ஒரு பெண் இன்னொருத்தியோடு நின்றால் அதற்கு நம்மிடம் இருக்கும் பெயர் தாய்மை ஒன்றுதான். தாய்மை என்றதும் தியாகம் வந்துவிடும். தியாகம் வந்ததும் நான் முடிவெடுத்தேன் என்பது மறைந்துவிடும். கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறும் ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் இறங்கினால் அதைத் தோழமை என்கிறார்கள், மலையின் அறம் என்கிறார்கள். எனக்கும் அந்தச் சொல் போதும். குறிஞ்சியில் அதற்கு ஒருத்தி இருக்கவே இருக்கிறாள். வழியின் ஏதத்தை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்த தோழி, வழியிலேயே கூட நடக்கிறாள். அவ்வளவுதான் மாற்றம்.

இதில் தீராத ஒரு முடிச்சும் உண்டு. 1974 ஆகஸ்டில், 7,134 மீட்டர் உயரமுள்ள லெனின் சிகரத்தில், எல்விரா ஷடாயேவா தலைமையில் எட்டு சோவியத் பெண்கள் ஏறினார்கள். ஆண்கள் துணையின்றி முகட்டின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது திட்டம். உச்சிக்கு அருகில் புயல் பிடித்தது. ஒருத்தி நோயுற்று நடக்க முடியாமல் ஆனாள். மற்றவர்கள் அவளை விட்டுவிட்டு இறங்கவில்லை. வானொலியில் கீழ் முகாமோடு பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேரும் இறந்தார்கள். பெண்கள் தனியாகப் போனால் இப்படித்தான் என்று பேசியவர்கள் இருந்தார்கள். அதே பருவத்தில் அதே மலைப்பகுதியில் ஆண்களும் இறந்தார்கள் என்பது அவர்களுக்கு நினைவில்லை. அந்த எட்டுப் பேரின் முடிவு சரியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருவரோ மூவரோ இறங்கிப் பிழைத்திருக்கலாம். அரை மணி நேரத்தில் கூடாரத்துக்கு வந்து சேர்ந்த என் கதையை அதன் பக்கத்தில் வைப்பதே கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் தோன்றுகிறது. அவர்கள் செய்ததை உணர்ச்சிவசம் என்று சொல்வதும் தியாகம் என்று சொல்வதும் ஒரே அவமதிப்பு. காற்றையும் உயரத்தையும் அறிந்தவர்கள் தெரிந்து எடுத்த முடிவு அது.

என் உயிர், என் விருப்பம் என்ற வாதமும் முகட்டில் அதிக தூரம் நடக்காது. 2024 ஜூனில் உத்தரகாசியின் சஹஸ்திர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் கொண்ட குழுவில் 9 பேர் மோசமான வானிலையில் இறந்தார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மீதிப் பேரை மீட்க வேறு மனிதர்கள் அதே வானிலைக்குள் போக வேண்டியிருந்தது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தாண்டா சிகரத்தின் பனிச்சரிவில், பயிற்சி பெறப் போனவர்களோடு அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போன சவிதா கன்ஸ்வாலும் இறந்தார். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டும் மகாலுவும் ஏறியிருந்தார். நாங்கள் தூங்கிய கூடாரங்களும் எங்கள் அரிசியும் பிறர் முதுகிலும் கோவேறு கழுதைகள் முதுகிலும் மேலே வந்தவை. அந்த முதுகுகளுக்குத் திரும்பிப் போகும் உரிமை எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்டபோது வழிகாட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் அந்த அம்மா மறுபடி கல்லூரிக்கு வந்தார். டப்பாவில் இறால் தொக்கு. மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். அவர் கேட்டது வேறு. காற்று எந்தப் பக்கம் அடித்தது? அந்த ஆள் மேலே போகலாம் என்று சொன்னபோது மணி என்ன? விரல் மரத்தது எப்போது தெரிந்தது, சொன்னது எப்போது? நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாள்? கசிவு நடந்த இரவுக்குப் பிறகு காற்றைப் பற்றிக் கேட்கத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என்ன தேவை என்ற பேச்சே வரவில்லை.

எழுந்து போகும்போது, "அட்த்த தபா எத்தினி மணிக்குத் திரும்பணும்னு கீழயே பேசி வெச்சுக்கங்க மேடம்," என்றார். "மேல போனப்பறம் யார் பேச்ச யார் கேப்பாங்க? அந்தப் பைய வாடகைக்கு எடுக்காதீங்க. பொம்பளைக்கினு அளவு போட்டது இன்னா வெல வரும்னு கேட்டுச் சொல்லுங்க."